சித்திரக்கதை நாயகனைத் திரைக்குக் கொண்டுவரும்போது ஏன் மாற்றுகிறார்கள்?

ஸ்பைடர்மேனைப் படத்தில் ஏன் மாற்றினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தின் ஹட்டனில் என்னிடம் படிக்கும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள்.

1962இல் தொடங்கிய சித்திரக்கதையில், ஸ்பைடர்மேனாக மாறும் இளைஞன் பீட்டர் வலை வீசும் கருவியைத் தானே செய்கிறான். 2002 படத்திலோ வலை அவன் மணிக்கட்டிலிருந்தே சுரக்கிறது. கதை சுருங்குகிறது, சரி. ஆனால் அவனுடைய கைத்திறன் காணாமல் போவது பெரிய இழப்பு. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையில் பழைய ரேடியோவைக் கழற்றிப் பூட்டும் பிள்ளைக்கு அந்தப் பீட்டர்தான் நெருக்கமானவன்.

உண்மையான சிக்கல் முகமூடிதான். தாளில் மனதில் ஓடுவதைக் குமிழிக்குள் எழுதிவிடலாம். திரையில் நடிகரின் முகம் பேசவேண்டும். 2004 படத்தில் ஓடும் ரயிலை நிறுத்தும் காட்சியைப் பாருங்கள். முகமூடி இல்லை, உடை கிழிகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு கத்துகிறான். அந்த மாற்றத்தை முழுமனதோடு ஏற்கிறேன்.