அரை சதவீதக் குரோமியம் என்ன செய்யும்?

கே: எஃகுக் குழாயோடு ஆலை தந்த மில் சர்டிபிகேட்டில் குரோமியம் 0.5% என்று இருக்கிறது. கரியமில வாயு கலந்த உப்புநீர் ஓடும் குழாய். எவர்சில்வர் மாதிரி நிற்கும் என்கிறார் எங்கள் சூப்பர்வைசர். நம்பலாமா சார்? (சிங்கப்பூர், துவாஸ் வாசகர்)

ப: அவரோடு சண்டை வேண்டாம், நம்பவும் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வாங்கவே குறைந்தது 10.5% குரோமியம் வேண்டும். அரை சதவீதம் செய்வது வேறு வேலை. இரும்பு கரைந்து போகப் போக, குரோமியம் பின்தங்கி, மேலே படியும் படலத்தில் ஹைட்ராக்சைடாகச் சேர்கிறது. உலோகத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு படலத்தில் இருக்கும். அரிப்பு குறையும், நின்றுவிடாது. 3% வரை கூட்டினால் பலன் நன்றாகவே தெரியும்.

சர்டிபிகேட் சொல்லாதது ஒன்று உண்டு: அந்தக் குரோமியம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? எஃகிலுள்ள கார்பன் அதைப் பிடித்துக் கார்பைடாக்கிவிட்டால் (கார்பனோடு சேர்ந்த சேர்மம்), படலத்துக்குப் போக மிச்சமிருக்காது. அதனால்தான் கார்பனைக் குறைத்து, துளி வனேடியமோ டைட்டானியமோ நயோபியமோ போடுகிறார்கள். கார்பன் மேல் இவற்றுக்குக் குரோமியத்தைவிட ஆசை அதிகம். இவை கார்பனைக் கட்டிக்கொள்ள, குரோமியம் தப்பிக்கிறது. கண்ணுக்கே தெரியாத இந்தக் கூட்டாளிகளை யாரும் பாராட்டுவதில்லை என்பது என் பழைய ஆதங்கம்.

கே: கரியமில வாயு நீரில் கரைந்தால் வரும் கார்பானிக் அமிலம் பலவீனமானதுதானே? எஃகை ஏன் இப்படித் தின்கிறது? (பாலிடெக்னிக் மாணவி)

ப: பலவீனம்தான், ஆனால் கையிருப்பு அதிகம். கொஞ்சம் செலவானால், கரைந்திருக்கும் வாயு உடனே ஈடுகட்டும். அதனால்தான் ஒரே பிஎச் அளவில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைவிட இது கூடுதலாக அரிக்கிறது. உப்பில்லாத சோடா பாட்டிலில் ஒரு ஆணியைப் போட்டு இறுக மூடிப் பாரம்மா. ஆணி கறுக்கும், தண்ணீர் தெளிவாகவே இருக்கும். மூடியைத் திறந்து வை, காற்று பட்டதும் தண்ணீர் பழுப்பாகும். குழாய்க்குள் ஆக்சிஜன் இல்லாததால் செந்துரு தெரியாது. "துருவே இல்லையே" என்று ஏமாறுவது இப்படித்தான். 60, 70 டிகிரிக்கு மேல் இரும்பு கார்பனேட் படலம் நன்றாக இறுகினால் அரிப்பு மட்டுப்படும்.

கே: குழாய் நன்றாக இருக்கிறது, வெல்டிங் தையல் மட்டும் பள்ளமாகிறது. ஏன்? (பயனியர் வட்டார வாசகர்)

ப: தையல் சின்ன இடம், குழாய் பெரிய இடம். தையல் மின்வேதியில் ஒரு படி தாழ்ந்திருந்தால், அதாவது குழாயைவிடச் சுலபமாகக் கரையும் உலோகமாக இருந்தால், மொத்தத் தாக்குதலும் அங்கேயே இறங்கும். 1% நிக்கல் உள்ள வெல்டிங் ராடு போடும் வழக்கம் தையலை ஒரு படி உயர்த்தத்தான். கடல்நீரில் அது கைகொடுக்கிறது. கரியமில வாயு நீரில், அதுவும் அரிப்புத் தடுப்பு ரசாயனம் கலந்திருந்தால், அதே நிக்கல் காலை வாரியதும் உண்டு. உங்கள் நீரிலேயே, உங்கள் ரசாயனத்தோடு சோதிக்காமல் ராடை மாற்றாதீர்கள்.

கே: செம்பு கலந்த, வெயில்மழை தாங்கும் எஃகைப் போடலாமா?

ப: ஆகாது. நனைந்து காய்ந்தால்தான் அதன் படலம் இறுகும். குழாய் எப்போது காயும்?