தெற்கு இத்தாலியில் கார் எடுத்துச் சுற்றும்போது இசட்.டி.எல். என்கிறார்களே, அது என்ன?

அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையக்கூடிய பகுதி. லெச்சே, பாரி, மத்தேரா போன்ற ஊர்களின் பழைய நகரத்துக்குள் இது உண்டு. அங்குள்ள சந்துகள் கழுதையும் கைவண்டியும் போன காலத்தவை; எல்லோரும் காரோடு புகுந்தால் குடியிருப்பவர்கள் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது.

அபார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேன் நிற்பது போலத்தான். ஆனால் இந்த வாட்ச்மேன் ஒரு கேமரா. தடுக்காது, நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொண்டு பேசாமல் உள்ளே விடும். ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து அபராதம் வரும். அதற்கு முன்பே, உங்கள் விலாசத்தைப் போலீஸுக்குக் கொடுத்ததற்கென்று வாடகைக் கார் நிறுவனம் தனியாக ஒரு தொகையைக் கார்டில் பிடித்திருக்கும். எனக்கு அதுதான் அதிகம் எரிச்சல்!

சிவப்பு விளிம்பு போட்ட வெள்ளை வட்டப் பலகையைப் பார்த்தால் வெளியிலேயே பார்க்கிங் தேடுங்கள். தங்கும் ஹோட்டல் உள்ளே இருந்தால், வண்டி எண்ணைப் பதிவு செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கூகுள் மேப்ஸை மட்டும் நம்ப வேண்டாம்.

அப்புறம், மின்பலகையில் 'வார்கோ அத்திவோ' ('நுழைவாயில் இயங்குகிறது') என்று எரிந்தால் வழி திறந்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள்; தடை இப்போது அமலில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.