சில்லறை ஆட்சேபம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

கோத்தகிரியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். லாரி வாடகை பில்லில் ஒரு தேதி, ரசீதில் வேறு தேதி இருந்தது. கேட்டதற்கு மேலாளர் ‘டோன்ட் க்விபிள்’ என்று மெயில் அனுப்பினார். அகராதியில் ‘அற்ப ஆட்சேபம் எழுப்புதல்’ என்றிருக்கிறது. அதிலிருந்து நான் எதையும் கேட்பதில்லை. ஆனால் புத்தக மதிப்புரைகளில் ‘மைனர் க்விபிள்’ என்று மரியாதையாகத்தானே வருகிறது? சரியான பொருள் என்ன? ஆங்கிலம் தேறவும் வழி சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

அகராதி சொல்வது சரிதான். முன்பெல்லாம் அதற்குச் சிலேடை என்றும் பொருள் உண்டு. ஷேக்ஸ்பியருக்கு இருந்த சிலேடைப் பித்தை 1765-இல் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் கடிந்துகொண்டது இந்தச் சொல்லை வைத்துத்தான். இன்று உப்புப்பெறாத குறை சொல்வதற்கு அந்தப் பெயர். ஆங்கிலம் தேற தினம் வாசியுங்கள், அவ்வளவுதான்.

யார் யாருடைய ஆட்சேபத்தை அப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். மதிப்புரை எழுதுகிறவர் தன் ஆட்சேபத்தைத் தானே சிறிதாகச் சொல்லிக்கொள்கிறார். அது அடக்கம். அடுத்தவர் கேள்வியை ஒருவர் அப்படிச் சொன்னால், பதில் சொல்லும் வேலையிலிருந்து அவர் தப்பிவிடுகிறார்.

எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருந்தது. பச்சை இலையை ரோட்டோரம் கொண்டுபோய் ஏஜெண்டிடம் போடுவோம். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்துவிடுவார். மழைக்காலத்தில் இலையோடு தண்ணீரும் எடையில் ஏறும், சரி. பனிக்காலத்து வெயிலிலும் அதே இரண்டு கிலோ. ஒருநாள் அம்மா, “இல காஞ்சு கெடக்குது, எதுக்குண்ணே ரெண்டு கிலோ?” என்று கேட்டார். “இந்தம்மாவுக்கு எப்பப் பாரு நொட்டை சொல்றதே வேலை” என்றார் அவர். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. இலையைத் தார்ப்பாயில் கொட்டிவிட்டு, வெறும் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டினார். முள் ஒரு கிலோவைத் தொடவில்லை. அன்றைக்கு எங்கள் மூட்டைக்கு ஒரு கிலோதான் கழித்தார்கள். பின்னால் நின்றவர்களுக்கு வழக்கம்போல் இரண்டு. அவர்கள் யாரும் கேட்கவில்லை.

ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். பறித்தவளுக்குத் தெரியும் அந்த ஒரு கிலோவின் அருமை. ஒரு மூட்டையில் அது சில்லறைதான். முப்பது மூட்டையில் ஏஜெண்டுக்கு ஒரு மூட்டை சும்மா வந்துவிடும். சில்லறை என்று சொல்கிறவர் கையில்தான் அது மொத்தமாகச் சேர்கிறது. அதனால்தான் கேட்டால் அவருக்குக் கோபம் வருகிறது.

நிஜமாகவே நொட்டை சொல்கிறவர்களும் உண்டு. இலைக்கு விலை கேட்கக் கூட்டம் போட்டால், நோட்டீஸில் விட்டுப்போன ஒற்றெழுத்தைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுவார்கள். ஒற்று வந்தால் யாருக்கும் ஒரு பைசா கூடாது, குறையாது. உங்கள் விஷயம் அப்படியா?

தேதி மாறிக் கிடக்கும் பில்லுக்கு இரண்டு தடவை பணம் போகலாம் என்பது கணக்கு எழுதும் உங்களுக்குத் தெரியாதா? நாளைக்கு ஆடிட்டர் வந்தால் மேலாளரின் ஆங்கிலத்தையா பார்ப்பார்? பதிவு செய்தது யார் என்றுதான் கேட்பார். ஒரு சொல்லுக்குப் பயந்தா இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள்? ஏனம்மா?

அந்த மெயிலுக்கே பதில் போடுங்கள். பில் எண், இரண்டு தேதி, தொகை. எந்தத் தேதியில் பதிவு செய்யட்டும் என்று ஒரு வரி. க்விபிள் பற்றி அதில் ஒன்றும் எழுத வேண்டாம். அவர் சொல்லும் பதிலை பில்லோடு சேர்த்து ஃபைலில் வையுங்கள்.