குற்றவாளியின் மனசை எதற்குப் படிக்க வேண்டும்?

பாலியல் குற்ற விசாரணை பற்றி பாலக்காட்டு எல்லைத் தமிழர்கள் கேட்டவையும், மகளிர் காவல் நிலையத்தில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவரின் பதில்களும்.

அக்கா, இப்படிப்பட்டவனைப் பார்த்ததும் கண்டுபிடிக்க முடியுங்களா? (கொழிஞ்சாம்பாறை)

முடியாதுங்க. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் தெரிந்த ஆள்தான்.

அப்புறம் உளவியல் எதுக்குங்க? (வேலந்தாவளம்)

அவன் வந்த வழியைப் பிடிக்க. குழந்தையைக் குறிவைப்பவன் பெரும்பாலும் முதலில் வீட்டாரின் நம்பிக்கையைச் சம்பாதிப்பான். டியூஷனுக்குக் கூட்டிப்போவான், போனுக்கு ரீசார்ஜ் செய்து தருவான், பிறகு "அம்மாகிட்ட சொல்லாதே" என்று ஒரு சின்ன ரகசியம். ஒவ்வொரு படியிலும் தடயம் இருக்கும்: பணம் போன கணக்கு, அழைப்புப் பட்டியல், வாட்ஸ்அப், கடைக் கேமரா. இது தெரிந்த அதிகாரி பல மாதம் பின்னால் போய்த் தேடுவார். தெரியாதவர் குற்றம் நடந்த அந்த ஒரு நாளையே துருவுவார். அப்படிப்பட்டவர் கையில், மருத்துவ அறிக்கையில் காயம் இல்லையென்றால் வழக்கு நொண்டும்.

அமெரிக்க உளவியலாளர் நிக்கலஸ் கிராத் 1970களிலேயே குற்றவாளிகளிடம் பேசி, இந்தக் குற்றத்தில் காமத்தைவிடக் கோபமும் அதிகாரவெறியும்தான் முன்னால் நிற்கின்றன என்றார். "என்ன உடுத்தியிருந்தாள்" என்று இன்னும் கேட்கும் அதிகாரியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

நார்கோ டெஸ்ட் எடுத்தா உண்மை வந்துடாதுங்களா? (கோபாலபுரம்)

மயக்க மருந்து கொடுத்துப் பேசவைக்கும் அந்தச் சோதனையைச் சம்மதமில்லாமல் எடுக்கக் கூடாதென்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடிப்பதும் வேண்டாம், போலீஸிடம் தரும் ஒப்புதல் கோர்ட்டில் நிற்காது. குற்றவாளிகளில் பலர் "அவளுக்கும் சம்மதம்தான்" என்று தனக்குத்தானே நியாயம் வைத்திருப்பார்கள். அதைப் பேசவிட்டால், எங்கே, எப்போது இருந்தான் என்று அவன் வாயிலிருந்தே வரும். அதைச் சரிபார்த்தால் சாட்சியம் தானாகக் கிடைக்கும்.

எட்டாவது படிக்கற பொண்ணு மூணு மாசம் கழிச்சுத்தான் சொன்னா. நடந்தது கேரளாவுல, நாங்க இப்போ பொள்ளாச்சியில. சொந்தக்காரன்கிறதால பேசி முடிச்சுக்கலாம்னு பெரியவங்க சொல்றாங்க. (பெயர் வேண்டாம்)

பேசி முடிக்காதீங்கம்மா. தெரிந்தும் போலீஸிடம் சொல்லாமலிருப்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் குற்றம். அவள் தாமதித்தது பொய்யல்ல, அவன் ஊட்டிய பயம். பொள்ளாச்சி மகளிர் காவல் நிலையத்திலேயே புகார் கொடுங்க; குற்றம் எங்கே நடந்திருந்தாலும் பதிய வேண்டிய ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டுக் கேரளாவுக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. சீருடை இல்லாமல் அதிகாரி உங்கள் வீட்டுக்கே வந்து கேட்கலாம். பிள்ளை சொன்னது சொன்னபடி பதிவாக வேண்டும். கேரள ஸ்டேஷனில் மலையாளத்தில் எழுதினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்க, தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்க. நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். இன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்க.