ரிமோட்டின் ஒளி கண்ணுக்குத் தெரியாமல், போன் கேமராவுக்கு மட்டும் தெரிவது ஏன்?

திருநெல்வேலி டவுனில் ரிமோட் வாங்கப் போனால், பேட்டரி போட்டு, போன் கேமரா முன்னால் அமுக்கிக் காட்டுவார்கள். நுனியில் இருக்கும் சின்ன பல்பு வெளிறிய ஊதாவாக மினுக்கும். நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. காரணம், கேமராவுக்குள் ஒளியை உணரும் சிலிக்கான்.

சிலிக்கானில் எலக்ட்ரான்கள் கட்டுண்டு கிடக்கின்றன. ஒளித்துகள் ஒன்று குறைந்தது சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் சின்ன அலகு) ஆற்றலோடு வந்தால்தான் ஒரு எலக்ட்ரான் விடுபட்டு மின்சாரமாக ஓடும். குறுக்குத்துறையில் ஆற்றுக்குள் நின்று படித்துறை ஏறுவது மாதிரிதான். அரைப்படி உயரத்துக்கு நூறு தடவை குதித்தாலும் மேல்படி கிடைக்காது. ஒரே எட்டில் முழுப்படி ஏறணும். ஆகவே ஒளி பளிச்சென்று இருந்தால் மட்டும் போதாது, அதன் அலைநீளம்தான் முதல் கணக்கு.

அலைநீளம் கூடக் கூட ஒளித்துகளின் ஆற்றல் குறையும். சிலிக்கானுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 1100 நானோமீட்டர். நம் கண்ணோ 700-ஐ ஒட்டி நின்றுவிடும். ரிமோட் அனுப்பும் அகச்சிவப்பு பெரும்பாலும் 940. சரி, கேமராவில் மாட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? (பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள், அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி பல போன்களில் அங்கே கொஞ்சம் தாராளம்.) 1100-ஐத் தாண்டிய ஒளி சிலிக்கானை ஊடுருவிப் போய்விடும். ஃபைபர் இணையத்தின் 1550 நானோமீட்டர் ஒளியை சிலிக்கான் சிப்புக்குள்ளேயே வளைத்துக் கொண்டுபோக முடிவது அதனால்தான்.

அகச்சிவப்பு தெரிகிறதே, போன் கேமராவிலேயே காய்ச்சல் பார்த்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது, உடம்புச் சூட்டின் ஒளி 10,000 நானோமீட்டரை ஒட்டியது, அதற்கு வேறு வகை சென்சார் வேண்டும்.