பழைய படகை நேரடியாக வாங்குவோருக்கு: உடைமை மாற்றம் குறித்த வாசகர் கேள்விகள்

தரகர் எவரும் இல்லாமல், சொந்தக்காரரிடமிருந்தே பழைய படகை வாங்க நினைக்கும் வாசகர்கள் பலர் அண்மையில் எழுதியிருந்தனர். கார் வாங்கி விற்றுப் பழகிய நமக்கு, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் பெயர் மாறியதும் வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம் இயல்பாகவே இருக்கிறது. படகுக்குச் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) கிடையாது என்பதால் இது அதைவிட எளிது என்றும் சிலர் நம்புகிறார்கள். ஆனால் காரில் ஓரிடத்திலேயே பார்த்துவிடக்கூடிய விவரங்கள் படகில் பல தாள்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டிய பொறுப்பு வாங்குபவருடையது. பணம் கைமாறுவதற்கு முன்பே அந்த வேலையைச் செய்து முடிக்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இந்தப் பதில்களைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பொங்கோல் வாசகர்: விற்பவர் தம் பெயரில் உள்ள உல்லாசப் படகு உரிமத்தைக் காட்டினார். படகின் பக்கவாட்டில் உள்ள, ‘எஸ்இசட்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் அதில் உள்ள எண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. படகு அவருடையதுதான் என்பதற்கு இது போதுமா?

போதாது. சிங்கப்பூர் கடல்துறை, துறைமுக ஆணையம் தரும் அந்த உரிமம், துறைமுக நீர்ப்பரப்பில் படகைப் பயன்படுத்துவதற்கான அனுமதி. படகு யாருடைய சொத்து என்பதை முடிவு செய்வது விற்பனை ஒப்பந்தமே. இங்கும் நடைமுறையில் உள்ள 1979ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட ஒரு பொருளின் உடைமை, எப்போது மாற வேண்டும் என்று இரு தரப்பினரும் கருதினார்களோ அப்போது மாறுகிறது. ஆகவே, இவர் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம் வாங்கினார் என்று படகுக் கட்டுமான நிறுவனத்தின் முதல் பற்றுச்சீட்டு வரை சங்கிலி அறுபடாமல் செல்கிறதா என்று பாருங்கள். இடையில் ஒரு தாள் இல்லையென்றால், அந்த முந்தைய உரிமையாளரைத் தொடர்புகொண்டு எழுத்தில் உறுதி பெற வேண்டும்.

அடுத்து, படகின் உடற்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும் அடையாள எண்ணைத் தேடுங்கள். பின்புறப் பலகையின் வெளிப்பக்கத்தில், வலது மேல் மூலையில் அது இருக்கும். அமெரிக்கச் சந்தைக்காக 1972 நவம்பருக்குப் பிறகு கட்டப்பட்ட படகுகளில் இது 12 எழுத்தெண்களைக் கொண்டது. ஐரோப்பிய விதிமுறைப்படி கட்டப்பட்டவற்றில் நாட்டுக் குறியீடும் சேர்ந்து 14 வரும். அமெரிக்க முறையில் கடைசி நான்கும் காலத்தைச் சொல்லும். ‘சி304’ என்று முடிந்தால், ‘சி’ மூன்றாம் மாதமான மார்ச், ‘3’ 2003ஆம் ஆண்டு, ‘04’ 2004ஆம் ஆண்டு மாடல். விற்பவர் 2008ஆம் ஆண்டுப் படகு என்று சொல்லியிருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திக் காரணம் கேட்க வேண்டும். 1984க்குப் பிந்தைய அமெரிக்கப் படகுகளில் இதே எண் கண்ணில் படாத இன்னோர் இடத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். படகின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தரும் சர்வேயரால் அதைக் கண்டுபிடிக்க முடியும். எண் இருக்கும் இடம் சுரண்டப்பட்டோ புதிதாகச் சாயம் பூசப்பட்டோ இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் படகு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

எல்லாம் சரியாக இருந்து வாங்கிவிட்டால், உரிமையாளர் மாற்றத்தை ஆணையத்திடம் உடனே தெரிவித்து, உங்கள் பெயரில் உரிமம் கிடைத்த பிறகே படகை வெளியே எடுங்கள். விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும்வரை, படகு எதன்மீதாவது மோதினால் முதலில் கேள்வி கேட்கப்படுபவர் அவர்தான்.

செங்காங் வாசகர்: விற்பனைப் பத்திரத்தில் என்னென்ன எழுத வேண்டும்? பணத்தை எப்போது கொடுப்பது?

இரு தரப்பினரின் முழுப்பெயர், அடையாள அட்டை எண், முகவரி, படகைக் கட்டிய நிறுவனம், மாடல், ஆண்டு, நீளம், உடற்பகுதி எண், உரிம எண், ஒவ்வோர் எஞ்சினின் வரிசை எண், விலை, படகின்மீது கடனோ அடமானமோ பிறர் உரிமைக்கோரலோ இல்லை என்ற உறுதிமொழி, பின்னாளில் அப்படி ஏதேனும் தெரியவந்தால் விற்பவரே ஈடு செய்வார் என்ற வாசகம் ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். படகோடு சேர்த்துக் கொடுக்கப்படும் பொருள்களுக்குத் தனிப்பட்டியல் இணையுங்கள். சிறு துணைப்படகு, அதன் அவுட்போர்ட் (பின்புறப் பலகையின் வெளியே மாட்டப்படும்) எஞ்சின், நங்கூரமும் சங்கிலியும், விஎச்எஃப் வானொலி, உயிர்காப்பு அங்கிகள் என்று பெயர் சொல்லி எழுதாத எதுவும் ஒப்படைக்கும் நாளில் படகில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பலரும் விட்டுவிடும் ஒரு விவரம், உடைமை மாறும் நேரம். தேதியோடு மணியையும் எழுதுங்கள். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளப்படாவிட்டால், உடைமை மாறும்போதே சேத அபாயமும் வாங்குபவரிடம் வந்துவிடும் என்கிறது அதே சட்டம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் ‘சுமத்ரா’ சூறைக்காற்று வீசுவது இங்கே வழக்கமானது. மாலையில் கையெழுத்தாகி, மறுநாள் காலை சாவி கைமாறவிருந்த படகு அந்தக் காற்றில் கட்டறுத்து மோதிவிட்டால், அந்த இழப்பு யாருடையது என்பதைப் பத்திரத்தில் உள்ள ஒரு வரி முடிவு செய்யும்.

பணத்தைப் பொறுத்தவரை, விலையில் 10 விழுக்காட்டை முன்பணமாகக் கொடுப்பது பரவலான வழக்கம். சர்வே அறிக்கையும் கடல் ஓட்டமும் (கடலில் ஓட்டிப் பார்க்கும் சோதனை) உங்களுக்குத் திருப்தியளிக்காவிட்டால் அது முழுமையாகத் திரும்பக் கிடைக்கும் என்று எழுதிய பிறகே கொடுங்கள். இயன்றால் ஒரு வழக்கறிஞரிடம் அந்தத் தொகை இருக்கட்டும். மீதியைப் பத்திரமும் சாவியும் கைக்கு வரும் அதே அமர்வில் காசாளர் காசோலையாகவோ வங்கி மாற்றாகவோ கொடுக்கலாம். படகு, உரிமத்தோடு நின்றுவிடாமல், சிங்கப்பூர்க் கப்பல் பதிவகத்திலும் பதிவாகியிருந்தால் நிலைமை வேறு. அதற்கென வரையறுக்கப்பட்ட படிவத்திலேயே விற்பனைப் பத்திரம் எழுதிப் பதிவகத்தில் கொடுக்க வேண்டும். பதிவேட்டின் அண்மைய நகலை வாங்கிப் பார்த்தால் அடமானம் பதிவாகியிருப்பதும் தெரிந்துவிடும். படகு விற்பனைக்கு முத்திரை வரி இல்லை.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதி வாங்கினேன். சில நாள்களிலேயே எஞ்சின் நின்றுவிட்டது. பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

கடினம் என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு, வணிகமாக விற்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த குறைபாட்டுப் பொருள் விதிகளும் தனிமனிதர் தனிமனிதருக்கு விற்பதைத் தொடுவதில்லை. உங்களுக்கு எஞ்சியிருப்பவை இரண்டு வழிகள். விளம்பரத்திலோ பத்திரத்திலோ சொன்ன வருணனையோடு படகு பொருந்த வேண்டும் என்ற விதி தனியார் விற்பனைக்கும் உண்டு; அத்துடன், பொய்யான தகவலை நம்பி வாங்கச் செய்திருந்தால் 1967ஆம் ஆண்டுத் தவறான விவரிப்புச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கேட்கலாம். ‘எஞ்சினை முழுமையாகப் புதுப்பித்துவிட்டேன்’ என்று வாட்ஸ்ஆப்பில் அவர் எழுதியிருந்தால் அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். கோரும் தொகை 20,000 வெள்ளிக்குள் இருந்தால், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலும், சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தை வழக்கறிஞர் இல்லாமலேயே அணுகலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள்.

இனி வாங்கப்போகிறவர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். சர்வேயரை நீங்களே தேர்ந்தெடுத்து, கட்டணத்தையும் நீங்களே செலுத்துங்கள்; விற்பவர் கொடுக்கும் பழைய அறிக்கை அவருக்காக எழுதப்பட்டது. படகைக் கரையேற்றித்தான் பார்க்க வேண்டும். ஃபைபர்கிளாஸ் உடற்பகுதியில் நீர்க்கோட்டுக்குக் கீழே கொப்புளங்கள் தென்பட்டால், அவற்றில் ஒன்றைக் குத்தும்போது வரும் நீர் காடி வாடை அடித்தால், தண்ணீர் உள்ளே இறங்கி இழைப்பசையைக் கரைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சர்வேயர் சிறு சுத்தியலால் அடி அடியாகத் தட்டிக்கொண்டே போவார். கணீரென்ற ஒலி திடீரென மந்தமாகும் இடத்தில் அடுக்குகள் பிரிந்தோ உள்மரம் ஊறியோ இருக்கும். அவுட்போர்ட் பொருத்தப்பட்ட படகென்றால், எஞ்சினைச் சற்று உயர்த்திப் பூட்டிவிட்டு அதன் கீழ்முனையில் உடல் எடையைக் கொடுத்து அழுத்தச் சொல்லுங்கள். பின்புறப் பலகை அசைந்தாலோ போல்ட்டுகளைச் சுற்றிப் பழுப்பு நீர் கசிந்தாலோ உள்ளே இருக்கும் பிளைவுட் உளுத்துவிட்டது. அதை மாற்றும் செலவு எஞ்சின் விலையை நெருங்கலாம்.

கடல் ஓட்டத்துக்குச் செல்லும் நாளில், விற்பவர் சாவியைத் திருகுவதற்கு முன் எஞ்சின்மீது உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டியிருக்கிறார். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதை நீங்கள் பார்க்காமல் போய்விடும். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஓட்டத்தின்போது முழு விசையில் சில நிமிடங்கள் செலுத்தி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட சுழற்சி எண்ணிக்கையை எஞ்சின் எட்டுகிறதா, வெப்பநிலை நிலையாக நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

தெம்பனிஸ் வாசகர்: விற்பவர் பழுதுபார்ப்புப் பட்டறைக்கும் மெரினாவுக்கும் பணம் பாக்கி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கடன் என் தலையில் விழுமா?

கடனின் வகையைப் பொறுத்தது. ஊழியர் சம்பளம், மீட்புப் பணிக்கான கட்டணம், மோதலால் ஏற்பட்ட சேதம் ஆகியவை படகையே பற்றிக்கொள்பவை. உரிமையாளர் மாறினாலும், புதியவருக்கு அவற்றைப் பற்றி எதுவும் தெரியாமல் இருந்தாலும், படகைத் தொடர்ந்து வரும். பழுதுபார்த்தவரின் பாக்கி அந்த வகையில் சேராது. நியூயார்க்கில் பழுதுபார்க்கப்பட்டுச் சிங்கப்பூரில் தடுத்துவைக்கப்பட்ட ‘ஹால்சியான் ஐல்’ கப்பல் பற்றிய வழக்கில், நம் நீதிமன்றத்திலிருந்து சென்ற மேல்முறையீட்டின்மீது பிரிவி கவுன்சில் 1980இல் அவ்வாறுதான் முடிவு செய்தது. ஆனால் இதில் நிம்மதி அடைந்துவிட முடியாது. விற்பனைக்கு முன்பே பட்டறைக்காரர் படகின்மீது வழக்குத் தொடுத்திருந்தால், பிறகு வாங்கியவரிடமிருந்தும் படகைத் தடுத்துவைக்க முடியும். மேலும், படகு பட்டறையிலேயே நின்றுகொண்டிருந்தால், பாக்கி தீரும்வரை ஒப்படைக்க மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு.

ஆகவே, மெரினாவிடமிருந்தும் பட்டறையிடமிருந்தும் பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதம் வாங்குங்கள். பாக்கி இருந்தால், உங்கள் பணத்திலிருந்து அவர்களுக்கு நேரடியாகச் செலுத்திவிட்டு மீதியை மட்டும் விற்பவருக்குக் கொடுப்பது நியாயமான ஏற்பாடு. நேர்மையான விற்பனையாளர் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. விற்பது நிறுவனம் என்றால் அக்ரா எனப்படும் நிறுவனப் பதிவு ஆணையத்தின் பதிவேட்டில் அடமானம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். தனிமனிதர் என்றால் அவர் நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டிருக்கிறாரா என்று தேடுங்கள். அப்படியானால் படகை விற்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

ஈசூன் வாசகர்: காலமான தந்தையின் படகை மூத்த மகன் விற்கிறார். தம்பி, தங்கைகள் அனைவரும் சம்மதித்துக் கையெழுத்திடத் தயாராக இருக்கிறார்கள்.

குடும்பத்தாரின் சம்மதம் மட்டும் போதாது. உயில் இருந்தால் உயில் நிறைவேற்றுபவருக்கான நீதிமன்ற ஆணையும், இல்லாவிட்டால் சொத்து நிர்வாகியாக நியமிக்கும் ஆணையும் வேண்டும். ஆணையில் இருவர் பெயர் இருந்தால் இருவரும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் இதைக் கேட்கத் தயக்கமாக இருக்கலாம். பின்னாளில் அவர்களுக்குள்ளேயே மனக்கசப்பு வராமல் காப்பதும் இந்த ஆணைதான் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: ஜொகூரில் இதே படகு மலிவாகக் கிடைக்கிறது. அங்கே வாங்கி ஓட்டிக்கொண்டு வரலாமா?

வரலாம், ஆனால் தன் விசையிலேயே ஓடி வந்தாலும் அது இறக்குமதிதான். சுங்கத்துறை அனுமதியுடன் 9 விழுக்காடு பொருள், சேவை வரி செலுத்த வேண்டும்: படகின் மதிப்பு 40,000 வெள்ளி என்றால் வரி 3,600 வெள்ளி. இங்கேயுள்ள தனிமனிதரிடம் வாங்கும்போது இந்த வரி இல்லை என்பதால், விலை வித்தியாசத்தைக் கணக்கிடுகையில் இதைச் சேர்த்துப் பாருங்கள். வெளிநாட்டுப் பதிவில் உள்ள படகென்றால், அந்தப் பதிவு முடிக்கப்பட்டதற்கான சான்றிதழை விற்பவர் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இங்கேயே நிற்கும் வெளிநாட்டுக் கொடிப் படகை வாங்குவோர், இறக்குமதி வரி செலுத்திய தாளை அவசியம் கேட்க வேண்டும்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: பழைய உரிமையாளரின் காப்புறுதிக்கு இன்னும் எட்டு மாதம் மீதம் உள்ளது. மெரினா இடமும் அப்படியே எனக்கு வந்துவிடும் என்கிறார். சரியா?

இரண்டும் தானாக வராது. 1906ஆம் ஆண்டுக் கடல் காப்புறுதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ ஓர் உடன்பாடு இல்லாமல் படகோடு காப்புறுதி உரிமை மாறுவதில்லை. உங்கள் பெயரில் புதிய காப்புறுதி, உடைமை மாறும் அதே மணியிலிருந்து தொடங்கட்டும். பழைய படகுக்குச் சர்வே அறிக்கை கேட்பார்கள். மெரினாவில் படகு நிறுத்தும் இடம் அங்குள்ள நிர்வாகத்துடன் செய்துகொண்ட தனி ஒப்பந்தம். பல இடங்களில் உறுப்பினராக இருக்க வேண்டும். விலையில் அந்த இடத்தையும் சேர்த்துப் பேசியிருந்தால், நிர்வாகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வரும்வரை கையெழுத்திட வேண்டாம். வானொலி உரிமம், இருப்பிடம் காட்டும் ஹார்ட்ஸ் அல்லது ஏஐஎஸ் கருவி ஆகியவற்றின் விவரங்களையும் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். 24 மீட்டருக்குக் குறைவான விசைப்படகைச் செலுத்த உங்களிடம் உல்லாச விசைப்படகு ஓட்டுநர் உரிமம் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் முதலில் அந்தப் பயிற்சியில் சேருங்கள்.

சுவா சூ காங் வாசகர்: நண்பர்கள் மூவர் சேர்ந்து வாங்குகிறோம். யார் பெயரில் வாங்குவது?

மூவர் பெயரும் விற்பனைப் பத்திரத்தில் இருக்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் எழுதிவிட்டு நம்பிக்கையில் நடத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். யாருக்கு எத்தனை பங்கு, மெரினாக் கட்டணத்தையும் அடிப்பாகச் சாயச் செலவையும் எப்படிப் பிரிப்பது, ஒருவர் விலக விரும்பினால் அவருடைய பங்கை யார் என்ன விலைக்கு வாங்குவது, ஒருவர் இறந்தால் பங்கு வாரிசுக்கா மற்ற இருவருக்கா என்பவற்றை எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். விற்பவரிடம் முன்பணம் கொடுக்கும் நாளுக்குள் அந்த ஒப்பந்தம் தயாராகிவிட வேண்டும்.