மின் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அரிசி மில்லில் புளோவர் மோட்டருக்கு 11 கிலோவாட் வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் பூட்டினோம். அது ஓடத் தொடங்கினால் மூடை நிறுக்கும் இலத்திரனியல் தராசின் இலக்கம் 200, 300 கிராம் மேலும் கீழும் துள்ளுகிறது. வயர்மேன் இரண்டாவது எர்த் கம்பி அடித்துப் பார்த்தார், மாற்றமில்லை.
– வாசகர், சம்மாந்துறை

பதில்: இன்னும் பத்துக் கம்பி அடித்தாலும் துள்ளும். எர்த் கம்பி ஆளைக் காப்பாற்றத்தான். இலக்கத்தைத் துள்ளவைக்கும் மின் இரைச்சலுக்கு அது மருந்தல்ல.

டிரைவ் 400 வோல்ற் மின்சாரத்தைச் சுமார் 565 வோல்ற் நேரோட்டமாக்கி, செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி மோட்டருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டிலும் வோல்ற்றளவு மைக்ரோசெக்கனுக்கும் குறைந்த நேரத்தில் ஏறி இறங்குவதால், கேபிளிலும் மோட்டர் சுருளிலும் இருந்து சிறு மின்னோட்டம் இரும்பு உடலுக்குக் கசியும். அது மண்ணுக்குள் போய் அடங்குவதில்லை. புறப்பட்ட டிரைவுக்கே திரும்ப வேண்டும். நீங்கள் வழி வைக்காவிட்டால் கூரைச் சட்டம், எலிவேட்டர் உடல், தராசு வயர் என்று கிடைத்த வழியால் வரும். தராசு தாங்குமா? 5 வோல்ற் கொடுத்த 100 கிலோ லோட் செல்லில் (தராசில் பாரத்தை உணரும் பாகம்) முழுச் சுமைக்கே 10 மில்லிவோல்ற்தான் வரும். உங்கள் 200 கிராம் வெறும் 20 மைக்ரோவோல்ற்.

முதலில் செலவில்லாத சோதனை. டிரைவின் கரியர் அலைவரிசை (செக்கனுக்கு எத்தனை தடவை வெட்டுகிறது என்பது) 8 கிலோஹேர்ட்ஸில் இருந்தால் 4 ஆக்குங்கள். மோட்டர் கொஞ்சம் கீச்சிடும். துள்ளல் குறைந்தால் குற்றவாளி டிரைவ்தான்.

பிறகு மோட்டர் கேபிள். பிவிசி குழாய்க்குள் தனித்தனி வயர் இழுத்திருந்தால் கழற்றிவிட்டு, மூன்று பேஸும் எர்த்தும் சேர்ந்த, உலோகப் பின்னல் சுற்றிய ஷீல்ட் கேபிள் போடுங்கள். ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் பண்ண வேண்டும். பலர் கெடுப்பது இங்கேதான்: பின்னலை முறுக்கி வால்போலத் திரித்து ஒரு ஸ்குரூவில் மாட்டிவிடுகிறார்கள். 10 சென்ரிமீற்றர் வால், 10 மெகாஹேர்ட்ஸ் இரைச்சலுக்கு ஏறக்குறைய 6 ஓம் தடை. மல்டிமீற்றர் பூச்சியம் காட்டும், நம்பாதீர்கள். வெளியுறையை 3 சென்ரிமீற்றர் உரித்து, பின்னலைச் சுற்றிவர இறுக்கும் உலோகக் கிளாம்பால் பெனலின் பின்தகட்டில் பிடியுங்கள். மோட்டர் பக்கம், கேபிள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் உலோக கிளான்ட். தகட்டில் பெயின்ற் இருந்தால் பளிச்சென்று சுரண்டுங்கள். கடலோர மில்லென்றால் இறுக்கிய பின் கிறீஸும் பூச வேண்டும். உப்புக்காற்று அந்த இணைப்பைத்தான் முதலில் தின்னும்.

தராசு வயரை மோட்டர் கேபிளுடன் ஒரே டிரங்கிங்கில் விடாதீர்கள். 30 சென்ரிமீற்றராவது விலகட்டும், கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். இவ்வளவுக்குப் பிறகும் துள்ளல் மிச்சமிருந்தால்தான், கேபிளில் மாட்டி இரைச்சலை அடக்கும் பெரைட் வளையம்.

அந்த இரண்டாவது கம்பியைத் தனியே விடாமல் பிரதான எர்த் பாருடன் இணையுங்கள். இடி மின்னல் நேரத்தில் இரண்டு எர்த்துக்கிடையில் எழும் வோல்ற் தராசை எரித்துவிடும்.

கேள்வி: விடுதியில் தண்ணீர்த் தாங்கிக்கு ஏற்றும் மூன்று பேஸ் பம்புக்கு டிரைவ் போட்டோம். தொடங்கியதும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. அதை நேரடியாக்கலாமா?
– வாசகர், பாசிக்குடா

பதில்: கூடவே கூடாது. டிரைவின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் பில்டர் எப்போதும் எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடும், நீண்ட கேபிள் அதைக் கூட்டும். பழுதில்லாமலே விழுவது அதனால்தான். முதலில் மோட்டரை டிரைவிலிருந்து கழற்றி மெகரால் இன்சுலேஷன் பாருங்கள். நல்லதென்றால் பம்புக்குத் தனிச் சேர்க்கிற், அதற்கு 300 மில்லிஅம்பியர் டைப் பி சுவிட்ச். சாதாரண வகை, டிரைவின் நேரோட்டக் கசிவில் குருடாகிவிடும். அறைகளின் 30 அப்படியே இருக்கட்டும். நீச்சல் தடாகப் பம்பென்றால் இந்த 300 பொருந்தாது, 30தான். பில்டரை எர்த்துடன் இணைக்கும் ஸ்குரூவைக் கழற்றச் சொல்பவர்கள் இருப்பார்கள். ட்ரிப் நின்றாலும் நிற்கலாம், ஆனால் பக்கத்து ரேடியோ இரையத் தொடங்கும். எர்த் வயர் 10 சதுர மில்லிமீற்றர் செம்பாக இருக்கட்டும்.

கேள்வி: மோட்டரில் முன்பிருந்த பவர் பெக்டர் கப்பாசிற்றரை டிரைவ் போட்ட பிறகும் விடலாமா?
– வாசகர், காரைதீவு

பதில்: டிரைவை இயக்க முன்னரே கழற்றுங்கள். வெட்டி வரும் வோல்ற்றில் கப்பாசிற்றர் பெரும் மின்னோட்டம் இழுக்கும். டிரைவ் ஓவர் கரன்ட் காட்டி நிற்கும், இல்லாவிட்டால் உள்ளே டிரான்சிஸ்டர் வெடிக்கும்.